மைனஸ் 80 ஃப்ரீசரை அணைக்க வேண்டாம்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

போன வாரம் நோயியல் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினீர்கள். திசு சேமிப்பு அறையில் இருக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை இந்த மாதக் கடைசியில் நிறுத்திவிட வேண்டும், உள்ளே இருக்கும் கட்டி மாதிரிகளை மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. காரணம் மூன்று சொல்லியிருந்தீர்கள். மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை. திசுவை மெழுகில் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகள் எப்படியும் இருக்கின்றன. தேவைப்பட்ட நோயாளிகளுக்கு டி.என்.ஏ. அறிக்கையும் வாங்கியாகிவிட்டது. ஆகவே உறைந்த திசு ‘மிகை’.

அந்த ஒரு சொல்லைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஃப்ரீசரை 11 வருடமாக நிரப்பியவன் நான். அறுவை அரங்கிலிருந்து சிஸ்டர் போன் செய்வார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கட்டி வெளியே வந்ததும் டாக்டர் நோய் கண்டறியத் தேவையான பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓரத்திலிருந்து பாசிப்பயறு அளவுக்கு ஒரு துண்டு வெட்டித் தருவார். பக்கத்திலிருக்கும் நல்ல சதையிலிருந்து இன்னொரு துண்டு. இரண்டையும் குப்பியில் போட்டுத் திரவ நைட்ரஜனில் இறக்கினால் சுர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்கு மூச்சு சீராக இருக்காது. காரணம் இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்து திசுவுக்குள் ஆர்.என்.ஏ., அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்துச் செல் எடுத்துக்கொள்ளும் படி, அறுபட ஆரம்பித்துவிடும். அதை அறுக்கும் நொதி நம் கைத்தோலிலேயே இருக்கிறது. கையுறை இல்லாமல் குப்பி மூடியைத் தொட்டாலே மாதிரி கெட்டுவிடலாம்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கன்னத்தின் உள்பக்கத்தில் புற்று. நாற்பது வருடம் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிவைத்த அதே இடம். ஒப்புதல் படிவத்தை நான் வாசித்துக் காட்டினேன். வாய் முழுசாகத் திறக்கவில்லை, ஆனாலும் கேட்டார்: “எடுக்கிற சதைய என்ன செய்வீங்க தம்பி?” பத்திரமா வச்சிருப்போம்மா, இந்த நோய் ஏன் வருது, எப்படிப் பரவுதுன்னு படிக்கிறவங்களுக்குக் குடுப்போம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “எம் பேத்திக்கு உதவுனா சரி” என்று கைநாட்டு வைத்தார். எட்டு மாதத்தில் இறந்துபோனார். அவருடைய துண்டுகள் இரண்டும் மூன்றாவது தட்டில் இருக்கின்றன. அந்தத் தட்டைத்தான் மஞ்சள் பையில் கொட்டச் சொல்கிறீர்கள்.

இனி உங்கள் மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் இருக்கிறது. டி.என்.ஏ. அறிக்கை இருந்தால் போதும் என்பது பாதி உண்மை.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாணப் பந்தலில் சுந்தரர் கோபத்தில் கிழித்துப் போட்டது படி ஓலை. சுந்தரர் தன் அடிமை என்று ஓலையோடு வந்த கிழவர் மூல ஓலையைப் பத்திரமாக வைத்திருந்தார், அதனால் வழக்கு ஜெயித்தது. உடம்பில் டி.என்.ஏ.தான் மூல ஓலை, ஆர்.என்.ஏ. படி ஓலை. புரதம் செய்கிற ரைபோசோம் மூல ஓலையைக் கண்ணால் பார்ப்பதே கிடையாது. கைக்கு வரும் படியில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி செய்யும். மூலம் பத்திரமாக இருக்கிறதே, படி எதற்கு என்று நீங்கள் கேட்கிறீர்கள். நம் வழக்கில் எழுத்து மாறியதே படியில்தான். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி செல்லுக்குள்ளும் நடக்கிறது. மூல ஓலையை மட்டும் ஆயிரம் முறை படித்தாலும் அது தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஏடார் என்று ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. 1987இல் தவளை முட்டைகளில் அதன் வேலை முதன்முதலில் கண்ணில் பட்டது. இரட்டை இழையாக மடிந்து கிடக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து, அதிலுள்ள ‘ஏ’ எழுத்தை, அதாவது அடினோசினை, இனோசினாக மாற்றிவிடும். ரைபோசோம் இனோசினை ‘ஜி’ என்று படிக்கும். அதேபோல ஏபோபெக் என்று இன்னொரு குடும்பம், அது ‘சி’ எழுத்தை ‘யு’ ஆக்கும். இந்தத் திருத்தம் நடப்பதே நோய் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஈரலும் சிறுகுடலும் கொழுப்பைச் சுமக்க ஒரே மரபணுவிலிருந்துதான் புரதம் செய்கின்றன. குடலில் மட்டும் ஏபோபெக் 1 ஓர் எழுத்தை மாற்றி, ‘இங்கேயே நிறுத்து’ என்ற குறியை வைத்துவிடுகிறது. அதனால் குடலில் குட்டையான புரதம், ஈரலில் நீளமான புரதம். 1987இல் தெரியவந்த இந்த விஷயம் ஆரோக்கியமான எல்லோர் உடம்பிலும் நடப்பது. அளவு மீறும்போதுதான் வினை. 1995இல் அதே நொதியை எலிகளின் ஈரலில் மட்டுமீறிச் சுரக்க வைத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. திருத்தும் நொதிக்கும் புற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே வலுவாக எழுந்துவிட்டது.

மனிதர்களின் கட்டியில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு எனக்கு நன்றாகப் புரிந்த உதாரணம் ஏஸின் 1. நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் எதற்காக வைக்கிறோம் என்றே தெரியாமல் 11 வருடம் ஒரு பொருளைக் காவல் காக்க முடியாது, அதனால் ஆராய்ச்சி மாணவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செல் பெருகுவதை அடக்கிவைக்க ஆன்டிசைம் என்று ஒரு புரதம் உண்டு, வண்டிக்கு பிரேக் மாதிரி. பெருக்கத்தைத் தூண்டும் சில புரதங்களை அது பிடித்து அழிவுக்கு அனுப்பும். ஏஸின் 1 என்ற புரதம் அந்த ஆன்டிசைமைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2013இல் ஹாங்காங், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஈரல் புற்றுநோயாளிகளின் கட்டியையும் பக்கத்துச் சதையையும் எடுத்து, டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் படித்தார்கள். டி.என்.ஏ.வில் ‘ஏ’ என்று இருந்த இடத்தில் கட்டியின் ஆர்.என்.ஏ. பிரதிகள் பலவற்றில் ‘ஜி’ இருந்தது. ஏடார் 1இன் வேலை. அந்த ஓர் எழுத்தால் ஏஸின் புரதத்தின் 367ஆவது இடத்தில் செரீன் போய் கிளைசின் வந்தது. மாறிய ஏஸின், ஆன்டிசைமை முன்பைவிட இறுக்கிப் பிடித்தது. பிரேக் வேலை செய்யவில்லை, செல்கள் பெருகின. பிற்பாடு உணவுக்குழாய், பெருங்குடல் கட்டிகளிலும் இதே திருத்தம் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள்.

இதில் ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்த ஈரல் நோயாளிகளின் டி.என்.ஏ. அறிக்கையை மட்டும் நம்மைப்போல வாங்கி வைத்திருந்தால், அந்த இடத்தில் ‘மாற்றம் ஏதுமில்லை’ என்றுதான் வந்திருக்கும்.

எல்லாக் கட்டியிலும் திருத்தம் கூடிக்கொண்டே போகும் என்றும் இல்லை. ஆரோக்கியமான மூளையில், நரம்புச் செய்தியை வாங்கும் குளூட்டமேட் ஏற்பி ஒன்றின் ஆர்.என்.ஏ.வில் ஓர் இடம் கிட்டத்தட்ட முழுவதுமே திருத்தப்பட்டிருக்கும். ஏடார் 2 செய்வது அது. கால்சியம் கண்டபடி செல்லுக்குள் நுழையாமல் தடுப்பது அந்தத் திருத்தம்தான். மூளையின் கொடிய கட்டிகளில் அது குறைந்துபோயிருப்பதை 2001இல் கண்டார்கள். ஈரலில் கூடினால் கெடுதல், மூளையில் குறைந்தால் கெடுதல். ஆகவே வேறொரு நாட்டில், வேறொரு உறுப்பில் பார்த்ததை வைத்து நம் ஊர் கன்னப் புற்றுக்குக் கணக்குப் போட்டுவிட முடியாது. அந்தந்தக் கட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று குழுவில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. நம் செல்லுக்குள்ளேயே சில ஆர்.என்.ஏ.க்கள் இரட்டை இழையாக மடியும். பார்த்தால் வைரஸ் மாதிரியே இருக்கும். செல்லில் எம்.டி.ஏ. 5 என்ற காவலாளி உண்டு, வைரஸ் என்று நினைத்து மணி அடித்துவிடும். ஏடார் 1 அந்த இழைகளைத் திருத்தி, ‘இது நம்ம ஆள்’ என்று அடையாளம் காட்டுகிறது. புற்றுச் செல்லும் இந்தப் பாதுகாப்பின் நிழலில் பதுங்கிக்கொள்ள முடியும். 2019இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எலிகளின் மெலனோமா என்ற தோல் புற்றுச் செல்களிலிருந்து ஏடார் 1ஐ நீக்கிப் பார்த்தார்கள். அதுவரை நோயெதிர்ப்பு மருந்துக்கு மசியாத கட்டிகள் மசிய ஆரம்பித்தன. அதே மருந்து வகையைத்தான் நம் புற்றுநோய் வார்டில் வீட்டை விற்று வாங்குகிறார்கள். சிலருக்குக் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை. எலியில் நடந்தது நாளைக்கே மனிதருக்கு மருந்தாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு ஏன் கேட்கவில்லை என்று தேடுகிறவர்களுக்குப் பார்க்க வேண்டிய ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அந்த இடம் ஆர்.என்.ஏ.வில் இருக்கிறது என்கிறேன்.

ஏபோபெக் கதை நம் நோயாளிகளுக்கு இன்னும் நெருக்கமானது. அந்தக் குடும்பத்தில் 3ஏ, 3பி என்ற இரண்டு, வைரஸின் எழுத்துகளை மாற்றி அதை முடக்குவதற்காக இருப்பவை. சில கட்டிகளில் அவை நம் டி.என்.ஏ.விலேயே கை வைத்துவிடுகின்றன. கருப்பை வாய், சிறுநீர்ப்பை, மார்பகம், தலை கழுத்துப் புற்றுகளில் அவை விட்டுப்போன தழும்புகள் நிறைய. கருப்பை வாய்ப் புற்றில் அடிக்கடி பார்க்கும் பிக் 3 சி.ஏ. மரபணு மாற்றங்களிலும் அந்தத் தழும்பின் சாயல் உண்டு. டி.என்.ஏ. அறிக்கையிலேயே இதெல்லாம் தெரியுமே என்பீர்கள். தெரியும். ஆனால் தழும்பைப் பார்த்து அடிபட்டது என்றைக்கு என்று சொல்ல முடியுமா? பத்து வருடம் முன்னால் பட்டதா, இப்போதும் பட்டுக்கொண்டிருக்கிறதா? 2020இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 3ஏ நொதி ஆர்.என்.ஏ.வையும் திருத்தும். டி.டி.ஓ.எஸ்.டி. என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட எழுத்து அதற்கு மிகவும் பிடித்த இடம். ஆர்.என்.ஏ. சில மணி நேரத்தில் அழிந்து புதிதாக வருவது. ஆகவே அந்த இடத்தில் திருத்தம் இருந்தால், நொதி இன்றைக்கும் அந்தக் கட்டிக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மெழுகு பிளாக். பிளாக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன், என் சம்பளமே பிளாக்கில் வருகிறது. நோய் கண்டறிய அதைவிட நல்லது இல்லை. ஆனால் பிளாக்குக்கு முன்னால், திசு அழுகாமல் ஊறவைக்கும் ஃபார்மலின் இருக்கிறது. ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வைப் புரதத்தோடு பின்னிப் பிணைத்துத் துண்டு துண்டாக்கிவிடும். அதைவிட மோசம், ‘சி’ எழுத்தை அதுவே ‘யு’ ஆக்கிவிடும். ஏபோபெக் செய்கிற அதே மாற்றம். திருடனையும் போலீசையும் ஒரே சட்டையில் நிறுத்தின மாதிரி, எது கட்டிக்குள் நடந்தது, எது நம் ஜாடிக்குள் நடந்தது என்று பிரிப்பது பெரும்பாடு.

இதை என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரே நோயாளியின் உறைந்த துண்டிலிருந்தும் பிளாக்கிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிரித்து, அது முழுசாக இருக்கிறதா, துண்டாகிவிட்டதா என்று காட்டும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டினார். விளக்கைப் போட்டதும் உறைந்த துண்டின் வரிசையில் இரண்டு பட்டைகள் பளிச்சென்று நின்றன. பிளாக்கின் வரிசையில் பட்டையே இல்லை, அடியில் புகை மாதிரி ஒரு கறை. அந்தப் பெண் அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. ஆய்வுக்கு எழுதி வைத்திருந்த பிளாக் வரிசையை எல்லாம் அடித்துவிட்டு, உறைந்த மாதிரிகளுக்கு மட்டும் புதிதாகப் பட்டியல் எழுதினார்.

சரிபார்க்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011இல் ஒரு பெரிய அறிவியல் இதழில், மனித ஆர்.என்.ஏ.வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகவில்லை, பன்னிரண்டு வகை எழுத்து மாற்றமும் நடக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருடமே வேறு மூன்று குழுக்கள் அதே தரவை அலசி, அவற்றில் பெரும்பாலானவை படிக்கும்போது நேர்ந்த பிழைகள் என்று காட்டின. பிழையையும் உண்மையான திருத்தத்தையும் பிரிப்பது அவ்வளவு கஷ்டம் என்பதால்தான் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து, சுத்தமாக, வேண்டும். நம் ஃப்ரீசரில் இருப்பவை அப்படிப்பட்ட ஜோடிகள். கட்டி, பக்கத்துச் சதை, பெரும்பாலானவர்களுக்கு ரத்தமும்.

அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய புற்றுநோய் மரபணு அட்லஸ் திட்டம் 11,000க்கும் மேற்பட்டவர்களின் கட்டிகளை, பெரும்பாலும் உறைந்த திசுவாகவே கேட்டு வாங்கியது. அதனால்தான் 2015இல் ஹூஸ்டனில் ஒரு குழு 17 வகைப் புற்றுகளில் 6,236 மாதிரிகளின் ஆர்.என்.ஏ. திருத்தத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே அலச முடிந்தது. திட்டம் தொடங்கியபோது அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்டிருக்கவில்லை. திசு காத்திருந்தது, கேள்வி பின்னால் வந்தது. ஆனால் அந்த மாதிரிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. மனிதர்களுக்குள் இதில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது பாருங்கள்: ஏபோபெக் 3பி மரபணுவே விடுபட்டுப்போன பிரதி ஐரோப்பியரிடம் 100க்கு 6 அளவில் இருக்கிறது, கிழக்கு ஆசியரிடம் 37 அளவில், ஓசியானியத் தீவினரிடம் 90க்கும் மேல். வெற்றிலை புகையிலை அடக்கிய கன்னத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஊர்க் களஞ்சியத்தில் தேடினால் கிடைக்காது.

நம் நாட்டிலும் வேலை நடக்காமல் இல்லை. 2025இல் சென்னை ஐ.ஐ.டி. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளிலிருந்து 960 எக்ஸோம்களைப் படித்து பாரத் புற்றுநோய் மரபணு அட்லஸைத் தொடங்கியது. எக்ஸோம் என்பது மூல ஓலையில் புரதம் பற்றிய பக்கங்கள். பெருமையான வேலை. அதற்கு அடுத்த படியாக ஆர்.என்.ஏ.வுக்கு வரும் நாளில், திசு கொடுக்க நம்மைப் போன்ற மருத்துவமனைகளிடம் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

மின்கட்டணம் எனக்கும் தெரியும். புயல் அடித்த ஓர் இரவு ஜெனரேட்டர் நின்றுபோய், நானும் வார்டு உதவியாளரும் உலர் பனிக்கட்டிக்கு அலைந்து, விடிகிற வரைக்கும் வெப்பமானியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மைனஸ் 62க்கு வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. அந்த ராத்திரிக்கு யாரும் எங்களுக்கு ஓவர்டைம் போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. படிவம் வாசித்துக் காட்டியது நான். ‘பத்திரமா வச்சிருப்போம்’ என்று சொன்னதும் நான். நீங்கள் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை என் வாக்கையும் சேர்த்து எரிக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தது, நோயியல் துறைத் தலைவர், நெறிமுறைக் குழு, நோயாளிகள் தரப்பில் ஒருவர் ஆகியோர் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் வரைக்கும் நிறுத்தி வையுங்கள். அதுவரை ஃப்ரீசர் ஓட வேண்டும், ஜெனரேட்டர் இணைப்போடு.

நம்மால் தொடர்ந்து செலவு செய்ய முடியாது என்பதே முடிவானால், எரிக்காதீர்கள், கொடுத்துவிடுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. அவர்களிடமும், ஆர்.என்.ஏ. ஆய்வு செய்யும் அரசு நிறுவனங்களிடமும் எழுதிக் கேளுங்கள். ஒப்புதல் படிவங்களின் நகலோடு, உலர் பனிக்கட்டியில் கட்டி அனுப்பும் வேலையை நான் செய்து தருகிறேன், தனியாகச் சம்பளம் வேண்டாம்.

ஒரே ஒரு குப்பியை அழிப்பதாக இருந்தாலும், அதைக் கொடுத்தவருக்கோ அவர் வீட்டாருக்கோ முன்கூட்டியே கடிதம் போட வேண்டும். கைநாட்டு வாங்கும்போது முகவரியும் வாங்கியிருக்கிறோம்.

இனி வரும் வாய், கருப்பை வாய், மார்பக அறுவைகளில் உறைந்த துண்டு எடுப்பதை நிறுத்தாதீர்கள். எல்லோரிடமும் வேண்டாம், ஒப்புதல் தருபவர்களிடம் போதும். கட்டி வெளியே வந்த நேரம், நைட்ரஜனில் இறங்கிய நேரம் இரண்டையும் எழுத ஒரு பதிவேடு கட்டாயமாக்குங்கள்.

இம்மாதம் 25ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன் ஒரு நாள், அரை மணி நேரம், குழுவினர் சேமிப்பு அறைக்கு வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்கிறேன். அந்த ஜெல் படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது தட்டையும் திறந்து காட்டுகிறேன். கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நோயியல் துறையில் 11 வருடமாக வேலை பார்க்கும் உங்கள் ஆய்வக நுட்பநர்